வெளுத்துப்போன வெள்ளி

அத்தியாயம் 7

"இன்னொரு தடவை சொல்லுங்க" என்றான் துப்பறிவாளன் ரூபன் ஹெஸ்கெத். "அந்தப் பொண்ணுதான் பதினோரு பேரையும் சாகடிச்சான்னு என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லுங்க."

லயனல் ஹார்கோர்ட் சொன்னான். கொஞ்சம்கூடக் கூசாமல் சொன்னான். ஹார்வுட் வால்வு ஆலையின் மேலாளர், லண்டன் படிப்பு, வெள்ளைக் கழுத்துப்பட்டை எல்லாம் இருந்தும் அவனுக்கு 'ர்' போட்டு எழுத எனக்குக் கை வரவில்லை. வாசகர்கள் மன்னிக்க வேண்டாம், அத்தியாயத்தை முடித்துவிட்டு அவர்களும் என்னோடு சேர்ந்துகொள்ளலாம்.

"சாகடிச்சான்னு நாங்க எழுதலை, மிஸ்டர் ஹெஸ்கெத். 'நாற்பத்தொன்றாம் இருக்கைப் பணியாளரின் அஜாக்கிரதை'ன்னுதான் எழுதியிருக்கோம். மூணு மணிக்கு ஃபிளீட்வுட்ல மரண விசாரணை அதிகாரி அதைப் படிப்பார். அதுக்கு மேல ஊர் என்ன பேர் வேணா வெச்சுக்கட்டும்."

ஊர் ஏற்கெனவே வைத்துவிட்டது. அந்த நாற்பத்தொன்றாம் இருக்கைக்காரி ஐவி ஃபீல்டன் வீட்டு ஜன்னல் மூன்று தடவை உடைந்திருந்தது. கறிக்கடைக்காரன் அவள் அம்மாவுக்கு முதுகைக் காட்டினான். போன வியாழக்கிழமை கால்வாய் மதகில் குதிக்க நின்ற ஐவியை நிலக்கரிப் படகுக்காரர்கள் இரண்டு பேர் இழுத்துப் போட்டார்கள். வயசு இருபத்து மூன்று. மூன்று மணிக்கு அந்தக் காகிதத்தைப் படித்துவிட்டால், அடுத்த தடவை இழுத்துப்போட ஆள் இருப்பான் என்று யார் சொல்ல முடியும்? இப்போது மணி பத்தேமுக்கால்.

ரூபன் கோட்டுப் பையிலிருந்து, விசாரணை அலுவலகத்தில் கேட்டு வாங்கிவந்த துணிப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தான். சின்னக் கத்தரிக்காய் அளவுக் கண்ணாடிக் குடுவை. உள்ளே கம்பிகளும் தகடுகளும். கப்பலின் ரேடியோப் பெட்டிக்கு உயிர் கொடுக்கிற வால்வு இது. இது சூடேறினால்தான் கூப்பிடுகிற குரல் கடலைத் தாண்டும். இது செத்தால் ரேடியோ வெறும் மரப்பெட்டி.

போன மாதம் 'மேரி கார்னெட்' என்ற மீன்பிடிக் கப்பல் புயலில் இயந்திரம் நின்று பாறைப் பக்கம் அடித்துப் போனபோது, ரேடியோவில் இருந்த பழைய வால்வு போய்விட்டது. ரேடியோக்காரன் ஈனோக் லெட்பெட்டர், பிரிக்காத பெட்டியிலிருந்து புது வால்வை எடுத்துச் சொருகினான். 'புது வால்வும் வேலை செய்யவில்லை. மாலை 4.10' என்று குறிப்பேட்டில் எழுதினான். கப்பல் பதினோரு பேரோடு பாறையில் மோதியது ஐந்து மணிக்கு. நாற்பது நிமிஷத்தில் வந்திருக்கக்கூடிய மீட்புப் படகு கரையில் சும்மா கட்டிக் கிடந்தது, கூப்பிட்டது அதற்குக் கேட்கவில்லை.

உடைந்த கப்பலிலிருந்து எடுத்த அந்தப் புது வால்வுதான் இது. சோதனை செய்து சொல்லுங்கள் என்று விசாரணை அலுவலகம் இதைச் செய்த ஆலைக்கே பத்து நாள் கொடுத்துவைத்தது. பூனையைப் பாலுக்குக் காவல் வைத்த கதை.

"உச்சியைப் பாருங்க" என்றான் ரூபன். "நல்ல வால்வுல இந்த இடம் முகம் பாக்கற கண்ணாடி மாதிரி வெள்ளியாப் பளபளக்கும். இதுல பாலாடை மாதிரி வெளுத்துக் கிடக்கு. உள்ள காத்து புகுந்தா வெள்ளி வெளுக்கும்னு உங்க ஆலையில தரை கூட்டறவங்களுக்கும் தெரியும். கம்பி பொருத்தறதுதான் ஐவி வேலை. அதுல தப்பு இருந்தா வெள்ளி வெள்ளியாவே இருந்திருக்கும். கண்ணாடியை உருக்கி மூடின இடத்துல ஓட்டை. அது மெஷின் வேலை. ஐவி கை அங்க போகவே போகாது."

"பானை பொத்தலா இருந்தா சமைச்சவளை அடிப்பீங்களா?" என்றாள் பெர்த்தா கிளெக்.

பெர்த்தா ரூபனின் உதவியாள். ஐம்பத்தைந்து வயசு. முப்பது வருஷம் தறியில் நின்று, பஞ்சாலைகள் வரிசையாக மூடியபோது வெளியே வந்தவள். ஐவியின் அம்மா அவளுக்குப் பக்கத்துத் தறி. இந்தக் கேஸை ரூபன் தேடிப் போகவில்லை, பெர்த்தாதான் காதைப் பிடித்து இழுத்து வந்தாள். அவள் அப்போது கண்ணாடிச் சுவரோரம் நின்று, எதையோ மென்றபடி கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். மேலாளரின் அறை பட்டறைக்கு மேலே தொங்குகிற கண்ணாடிக் கூண்டு. கீழே வரிசையாக மேசைகள், வரிசைக்குப் பின்னால் காற்றை உறிஞ்சும் பம்புகள். அந்த இரைச்சல் உள்ளே வராது, உள்ளே பேசுவது வெளியே போகாது.

ஹார்கோர்ட் சிரித்தான். "வெளுத்திருக்கு, ஒத்துக்கறேன். எப்ப வெளுத்தது? குளிர்ல விரல் மரத்துப்போன பத்தொன்பது வயசு ரேடியோப் பையன், பயத்துல வால்வை முரட்டுத்தனமா அழுத்தியிருப்பான். அடியில கீறல் விழுந்திருக்கும்."

ரூபனுக்கு முகம் சிவந்துபோயிற்று. போர்க் காலத்தில் நாலு வருஷம் கப்பலில் ரேடியோக்காரனாக இருந்தவன் அவன். மரத்துப்போன விரலோடு வால்வு மாற்றுவது என்னவென்று அவனுக்குத் தெரியும். கண் திறக்காத பூனைக்குட்டியைப் போலத்தான் பிடிப்பார்கள், தன் உயிர் அதில் இருப்பதால்.

"காலையில ஐவி, இப்ப ஈனோக்கா? இன்னும் அரை மணி கழிச்சு வந்தா கடல்மேல கேஸ் போடுவியாடா?"

"மரியாதையாப் பேசுங்க!"

"மரியாதையா! செத்த பையன்மேல பழி போடறவனுக்கு மரியாதையா!" ரூபன் மேசையில் குத்திய குத்தில் மைக்கூடு துள்ளிக் கவிழ்ந்தது. பெர்த்தா அவன் கோட்டு வாலைப் பிடித்து இழுத்தாள்.

"வா தம்பி. மை சிந்தினதுக்கும் ஐவி நம்பரைப் போட்டுடப் போறாரு."

இரும்புப் படியில் இறங்கும்போது அவள் வாய் இன்னும் அசைந்துகொண்டிருந்தது.

"எனக்கு ஒரு துண்டு குடுக்காம இஞ்சிக் கேக்கைத் தனியா மெல்லறீங்களே அக்கா."

"தீந்துபோச்சு தம்பி" என்றாள் பெர்த்தா, கீழே மேசைகளைப் பார்த்தபடி.

ஆலை வாசலில் ரூபனின் பழைய மோரிஸ் கார் நின்றது. பின் இருக்கையில் ஐவி, தலைக்குட்டையை நெற்றிவரை இழுத்துக்கொண்டு. உள்ளே விட மாட்டோம் என்று காவல்காரன் சொல்லிவிட்டதால் அவள் இங்கேயே இருந்தாள்.

ரூபன் பொட்டலத்தை அவள் மடியில் வைத்தான். அவள் தீயைத் தொட்டதுபோல் கையை எடுத்துக்கொண்டாள்.

"வேணாம் சார். அதைப் பாக்க மாட்டேன்னு உங்ககிட்ட அன்னிக்கே சொன்னேன்."

"ஆறு வருஷம் இதைப் பாத்துத்தானே சோறு தின்னே?"

"பதினோரு பேரைக் கொன்னது சார் அது! என் கை பண்ணினது!"

"பண்ணுச்சா இல்லையான்னு பாத்துட்டு அழு!" ரூபன் கத்திவிட்டான். காவல்காரன் திரும்பிப் பார்த்தான். "எல்லாரும் நீதான்னு சொன்னா நீயும் நான்தான்னு சொல்லிடுவியா? உனக்குன்னு ஒரு கோவம் கிடையாதா?"

பெர்த்தா முன் இருக்கையிலிருந்து திரும்பினாள். "தம்பி கத்தறதைக் கண்டுக்காதடி. அவனுக்குக் கோவம் வந்தா காருக்கே சூடு ஏறும், விறகு மிச்சம். ஒரே ஒரு தடவை பாரு, கண்ணு."

ஐவி பார்த்தாள். பிறகு பையைத் துழாவி, வேலையின்போது மாட்டிக்கொள்கிற உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்துக் கண்ணில் வைத்தாள். வேலையைவிட்டுத் துரத்திய பிறகும் அதை அவள் தூக்கிப் போட்டிருக்கவில்லை. குடுவையை இப்படியும் அப்படியும் திருப்பினாள். ஒரு நிமிஷம் போயிற்று. அவள் தலைக்குட்டை பின்னால் நழுவியது, அவள் சரிசெய்யவில்லை.

"இது நான் பண்ணினதில்ல."

"மேல நாப்பத்தொண்ணுன்னு உன் நம்பர் இருக்கே?"

"அது வெளிய அடிக்கிற மை முத்திரை சார். ஸ்பிரிட்டுத் துணியால ஒரு துடை துடைச்சா போயிடும், வேற நம்பர் அடிச்சுக்கலாம். உள்ள பாருங்க. இந்தக் கம்பியை முறுக்கி வெச்சிருக்காங்களே, எந்தப் பக்கமாச் சுத்தியிருக்கு?"

"வலப்பக்கமா."

ஐவி தன் இடது கையைத் தூக்கிக் காட்டினாள். "நான் நொட்டாங்கைக்காரி. என் முறுக்கு இடப்பக்கமாத்தான் போகும். பயிற்சியில அதுக்காக ஆறு வாரம் திட்டு வாங்கினேன், மாத்தவே வரலை. என் மேசையில இருந்து போன ஒவ்வொரு வால்வும் அப்படித்தான். கண்ணாடியை மூடினதுக்கு அப்புறம் உள்ள ஆண்டவனாலகூட விரலை விட முடியாது சார்!"

ரூபன் குடுவையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

"அறுபது மேசை இருக்கு" என்றான் ரூபன் மெதுவாக. "யார் தலையில வேணா கட்டியிருக்கலாம். குறிபாத்து உன்னை ஏன்?"

ஐவி உதட்டைக் கடித்தாள். "செப்டம்பர்ல நான்தான் போய்ச் சொன்னேன். கண்ணாடி மூடற மெஷின்ல தீ ஒருபக்கமாச் சாயுதுன்னு. எங்க ஆலையில வால்வை மூணு வாரம் சும்மா தட்டுல வெச்சிருப்போம் சார், ஓட்டை இருந்தா அதுக்குள்ள வெள்ளி வெளுத்துக் காட்டிக் குடுத்துடும். வெளுத்ததை உடைச்சிடுவோம். செப்டம்பர்ல நிறைய வெளுத்துச்சு. எழுதியும் குடுத்தேன். மேலாளர் படிச்சிட்டு, லண்டன்ல அவசரம், இனிமே தட்டுல வெக்கவே வேணாம், அப்படியே அனுப்புங்கன்னுட்டார்."

"அடப்பாவி!" என்றாள் பெர்த்தா.

ரூபனுக்கு விளங்கிவிட்டது. ஹார்கோர்ட் பழி போட ஆள் தேடவில்லை. தன்னைக் காட்டிக்கொடுக்கக்கூடிய ஒரே ஆளைத்தான் பழிகாரியாக்கினான். கொலைகாரி என்று பேர் வாங்கியவள் மெஷினைப் பற்றி எத்தனை கடிதம் எழுதினாலும் யார் காதில் வாங்குவார்கள்? அவள் கையெழுத்தைப் பார்த்தவன், அவள் எந்தக் கையால் எழுதினாள் என்று பார்க்கவில்லை. ஆறு வருஷம் தினமும் மேலேயிருந்து பார்த்தும் ஒருத்தி கையைக்கூட அவன் பார்த்ததில்லை.

இந்த இடத்தில் ஒரு புத்திசாலித் துப்பறிவாளன் என்ன செய்வான்? நேராக ஃபிளீட்வுட்டுக்கு வண்டியை விடுவான். நம் ஆள் என்ன செய்தான்? காரைவிட்டுக் குதித்து, காவல்காரனைத் தோளால் ஒதுக்கிவிட்டு, பம்புகளின் இரைச்சலுக்குள் நுழைந்து, படியில் இறங்கி வந்துகொண்டிருந்த ஹார்கோர்ட்டை மறித்து, அவன் காதோரம் வாயை வைத்துக் கத்தினான்:

"ஐவி நொட்டாங்கைக்காரிடா! உள்ள இருக்கிற முறுக்கு சோத்தாங்கை முறுக்கு! நம்பரை மாத்தினது நீதான்!"

ஹார்கோர்ட்டின் முகம் வெளுத்தது. ஆனால் ஒரே நொடிதான். "ஒரு நிமிஷம்" என்பதுபோல் விரலைக் காட்டிவிட்டு, இரண்டிரண்டு படியாக ஏறிப்போய்க் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டான்.

பின்னாலேயே ஓடிவந்த பெர்த்தா ரூபனின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். "துருப்புச் சீட்டை எடுத்து எதிராளி கையிலேயே குடுத்துட்டியே! உன்னைப் பெத்தாங்களா, காய்ச்சி ஊத்தினாங்களா?"

ரூபனுக்கும் அப்போதுதான் உறைத்தது. மேலே ஹார்கோர்ட் தொலைபேசியை எடுத்துவிட்டான். பேசும்போதும் பெண்கள்மேல் ஒரு கண் இருக்கவேண்டும் என்பதற்காகத் தொலைபேசியைக் கண்ணாடிச் சுவரில்தான் மாட்டியிருந்தான். பட்டறையைப் பார்த்தபடி, முகத்தில் முழு வெளிச்சம் விழ நின்று, அவசர அவசரமாகப் பேசினான்.

"சாட்சியை அழிக்கறான். எதை, எங்கன்னு தெரிஞ்சாப் போதும். ஒரு வார்த்தை கேட்டுத் தொலையுதா பாரு!" ரூபன் தலைமுடியைப் பிய்த்துக்கொள்ளாத குறை.

பெர்த்தா அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ரூபன் சுற்றிப் பார்த்தான். முன்வரிசைப் பெண்கள் முப்பத்திரண்டு பேரும் இடுக்கியைக் கீழே வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பெர்த்தா அவன் காதருகே வந்தாள். பாடம் ஒப்பிக்கிற குரலில் ஆரம்பித்தாள்.

"'கிடங்கா? நான்தான். செப்டம்பர் பெட்டி எத்தனை மிச்சம்? நாலா? நாலையும் உடை. இப்பவே. சுத்தியலால உடைச்சுக் குப்பைக் குழியில கொட்டு... இல்லை, மத்தியானம் இல்லை, இப்ப! நம்பரை நான் மாத்தினது அந்த ஆளுக்குத் தெரிஞ்சுபோச்சு... ஆமா, நாப்பத்தொண்ணு... அந்தப் பொண்ணு வாயை மூடத்தான்...'"

ரூபன் வாயைப் பிளந்தான். "அக்கா! இது எப்படி?"

"ஆயிரம் தறி ஓடற கொட்டகையில முப்பது வருஷம் நின்னவ நான். அங்க தொண்டையைக் கிழிச்சுக் கத்தினாலும் கேக்காது தம்பி. உதட்டாலதான் பேச்சு. மாமியார் சண்டை, மளிகைக் கணக்கு, யார் யாரோட ஓடினா, எல்லாமே உதட்டுலதான். ஆறு தறி தள்ளி நிக்கறவகூடப் படிச்சிடுவா. இங்க இருக்கிற பொம்பளைங்க அத்தனை பேரும் பஞ்சாலை மூடி வந்தவங்க. லண்டன் துரைக்கு இது யார் சொல்லுவா? கண்ணாடி இருந்தா ரகசியம்னு நினைச்சுக்கிட்டு இருக்கான்."

"அப்போ மேல நின்னு நீங்க மென்னது?"

"கேக் இல்லடா மண்டு. கீழ இருந்த இவங்களோடதான் பேசிக்கிட்டு இருந்தேன். 'அவன் பேசறதை ஒண்ணு விடாமப் பாருங்கடி, ஐவி உசுரு அதுல இருக்கு'ன்னு."

முன்வரிசையில் முதலாவதாக உட்கார்ந்திருந்த பெண் எழுந்தாள். அடுத்தவள் எழுந்தாள். சங்கு ஊதாமல் ஒருத்தி இருக்கையைவிட்டு எழுந்தால் அரை நாள் கூலி போகும் ஆலை அது. முப்பத்திரண்டு பேரும் எழுந்துவிட்டார்கள். ஓடவில்லை, விறுவிறுவென்று நடந்தார்கள், பட்டறைக் கோடியிலிருந்த கிடங்குக் கதவை நோக்கி.

கிடங்குக்காரன் முதல் பெட்டியை இழுத்துப்போட்டுச் சுத்தியலை ஓங்கியிருந்தான். கூட்டத்தில் இரண்டாவதாக வந்தவள் அவனுடைய மாமியார். அவள் ஒரு பார்வை பார்த்தாள். அவன் சுத்தியலை மெதுவாகக் கீழே வைத்தான்.

ரூபன் பெட்டியைப் பிரித்தான். வைக்கோலுக்குள் வரிசையாக வால்வுகள். கடைக்குப் போகாத, யார் கையும் படாத, கடலையே பார்க்காத புது வால்வுகள். பாதிக்கு மேல் உச்சி பாலாடையாக வெளுத்துக் கிடந்தது. இவற்றைக் குளிரில் மரத்த எந்த விரல் அழுத்தியது? எந்தப் பாறை மோதியது? முத்திரைகளைப் பார்த்தான். பன்னிரண்டு, இருபத்தேழு, முப்பத்தைந்து, எட்டு. வெளுத்ததில் எல்லா நம்பரும் இருந்தன.

அவனுக்குச் சந்தோஷம் வரவில்லை. இதே மாதிரிப் பெட்டிகள் எத்தனை கப்பலில் ஏறியிருக்கும் என்று எண்ணிப் பார்த்தான். ஃபிளீட்வுட் போனதும் முதல் வேலை, அத்தனை கப்பலையும் திருப்பிக் கூப்பிடச் சொல்வது.

"என்ன நடக்குது இங்க!" ஹார்கோர்ட் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தான். இரைச்சலுக்கு மேல் கத்தினான். "யார் உங்களை எழுந்திருக்கச் சொன்னது? எல்லாருக்கும் வேலை போயிடும்! கிடங்குல என்ன இருக்குன்னு உனக்கு யார் சொன்னது?"

"நீதான்" என்று ரூபன் கத்தினான்.

"நானா? நான் கதவைச் சாத்திட்டுப் பேசினேன்!"

"கதவைச் சாத்தினே. வாயைச் சாத்தலையே!" என்றாள் பெர்த்தா. "நீ போன்ல சொன்னது ஒவ்வொரு வார்த்தையும் இங்க முப்பத்திரண்டு பேருக்குத் தெரியும். மூணு மணிக்கு ஃபிளீட்வுட்ல ஒவ்வொருத்தியா ஏறி நின்னு சொல்லுவா. பெட்டியும் வருது."

ஹார்கோர்ட் பெண்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். ஆறு வருஷத்தில் முதல் தடவையாகப் பார்த்தான் என்று நினைக்கிறேன். ஒருத்திகூடக் கண்ணைத் தாழ்த்தவில்லை.

அப்போது கூட்டம் விலகியது. காவல்காரன் இப்போது தடுக்காத வாசல் வழியாக ஐவி உள்ளே வந்திருந்தாள். தலையில் குட்டை இல்லை. பெட்டியைப் பார்த்தாள், வெளுத்த வால்வுகளைப் பார்த்தாள், பிறகு ஹார்கோர்ட்டுக்கு ஒரு கை தூரத்தில் வந்து நின்றாள். அடித்துவிடுவாள் என்று ரூபன் நினைத்தான், அடிக்கட்டும் என்றும் நினைத்தான்.

அவள் அடிக்கவில்லை. வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை, உதடுகள் மட்டும் அசைந்தன. நிறுத்தி, நிதானமாக, ஒவ்வொன்றாக. சுற்றி நின்ற பெண்கள் ஒவ்வொன்றுக்கும் தலை அசைத்தார்கள். ஒருத்தி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வதுபோல் மேலங்கியின் ஓரத்தை எடுத்துத் துடைத்தாள். பம்புகள் இரைந்துகொண்டே இருந்தன.

"என்ன சொல்றா இவ?" ஹார்கோர்ட் திரும்பித் திரும்பிப் பார்த்தான். "என்ன சொல்றா? ஒண்ணுமே கேக்கலையே! யாராவது சொல்லுங்க, என்ன சொல்றா?"

ரூபனுக்கும் தெரியவில்லை. பெர்த்தாவைப் பார்த்தான். அவள் முகத்தில் கேலி இல்லை.

"ஈனோக் லெட்பெட்டர்" என்றாள் பெர்த்தா. "ஜோ ரைமர். வில்ஃப் கார்டீன்... செத்த பதினோரு பேர் பேரையும் சொல்றா துரை. அன்னிக்கு அவங்க கூப்பிட்டதும் இப்படித்தான், யாருக்கும் கேக்காமப் போச்சு."